எல்லா நாளும் ஐந்து

அக்கா அடுப்படியில் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மற்ற வீடுகளில் இது ஒரு விஷயமே இல்லை. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாய் நிறைய நுரையோடு அப்படியே நின்று கேட்டேன். நின்றுவிடும், நின்றுவிடும் என்று பார்த்தால், பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போய்விட்டது.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேராக அலமாரிக்குப் போனேன். மாத்திரைப் பெட்டியில் கிழமைக்கு ஒன்றாக ஏழு அறைகள். முந்தின ராத்திரிக்கான திங்கட்கிழமை அறை காலி. சரி, போட்டிருக்கிறாள். வாயில் போட்டாளா, குப்பையில் போட்டாளா? குப்பைக் கூடையையும் கிளறினேன். முட்டை ஓடு, ஈர டீத்தூள், ஒரு பஸ் டிக்கெட். டிக்கெட்டைத் துடைத்துப் பார்த்தேன். அவள் வேலைக்குப் போகிற பஸ் அது இல்லை.

"குப்பையில என்னடி தேடுற?" என்றாள், திரும்பாமலே.

"கம்மல் ஒண்ணக் காணோம்க்கா."

"ரெண்டும் உன் காதுலதான் இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கரண்டியைப் பிடித்திருந்த கை குலுங்குகிற அளவுக்குச் சிரித்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த தாளில் அன்றைய தேதிக்கு நேராக எப்போதும்போல் ஐந்து என்று எழுதியிருந்தாள். ஐந்துக்கும் அந்தச் சிரிப்புக்கும் ஒட்டவே இல்லை. பஸ் டிக்கெட்டை என் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஆயத்த ஆடைப் பட்டறை ஒன்றில் கட்டிங் மாஸ்டர். துணியை நீள மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக அறுபது லேயர் விரித்து, மேலே காகிதத்தில் வரைந்த அளவை வைத்து, மின்சாரக் கத்தியை அந்தக் கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். கத்தி கொஞ்சம் பிசகினால் கெடுவது ஒரு சட்டை இல்லை, அறுபது சட்டை. அக்காவின் கத்தி பிசகாது. ஒருமுறை அளந்தால் போதாது, இரண்டு முறை அளப்பாள். பட்டறைப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். வீட்டில் ரொட்டியைக்கூட அவள் வெட்டினால் எல்லாத் துண்டும் ஒரே கனம்தான் இருக்கும்.

அவளுக்கு இருபத்தொன்பது வயதில் முதல்முறை வந்தது. அப்போது அது வியாதி என்று யாருக்கும் தெரியாது. ஆறு வாரம் தலை வாரவில்லை, குளிக்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். சோம்பேறித்தனம் என்றார் அப்பா. யாரையோ மனதில் வைத்திருக்கிறாள் என்றாள் அம்மா. தானாகவே எழுந்துவிட்டாள், எல்லாரும் மறந்துவிட்டோம். அதற்கப்புறம் அவ்வப்போது வரும், போகும். எங்கள் அக்கா கொஞ்சம் மூட் அவுட் ஆகிற டைப் என்று சொல்லிச் சொல்லியே பத்துப் பதினோரு வருடத்தை ஓட்டிவிட்டோம்.

நாற்பதாவது வயதில் வேறு மாதிரி வந்தது. அந்த வருடம் அக்கா சந்தோஷமாக இருந்தாள். அவ்வளவு சந்தோஷத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. பேச்சு நிற்காது, தூக்கம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம். ஒரே நாளில் பதினோரு குடை வாங்கிவந்தாள், மழைக்காலம் முடிந்த பிறகு. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். நான் அப்போதுதான் மூன்று வருடக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு அவளோடு வந்து சேர்ந்திருந்தேன். எனக்கும் சேர்த்து அவள் சிரித்தாள். இவளாவது நன்றாயிருக்கிறாளே என்று நானும் கூடச் சிரித்தேன், அதுதான் என் லட்சணம். மூன்றாவது வாரம் அவள் பழைய பட்டறையில் ஜன்னல் திரைக்கென்று விரித்திருந்த அறுபது லேயர் துணியை, அளவும் எடுக்காமல் காகிதமும் வைக்காமல், யாருமே கேட்காத ஒரு கவுனுக்கு வெட்டிவிட்டாள். சிரித்துக்கொண்டே வெட்டினாளாம். தடுக்கப்போனவரின் கையில் கத்தி பட்டது. ஏழு தையல்.

ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் இருந்தாள். அங்கேதான் டாக்டரம்மா அந்தப் பெயரைச் சொன்னார்: இருமுனையக் கோளாறு. மனநிலை ஒரு முனையில் பாதாளத்துக்கும் மறு முனையில் தறிகெட்ட உச்சிக்கும் போகும், இடையில் பல மாதம் ஒன்றும் தெரியாது, குணக்கேடு இல்லை, பேய் பிசாசு இல்லை, சர்க்கரை வியாதி மாதிரி ஒரு வியாதி, மருந்து உண்டு என்றார். லித்தியம் மாத்திரை கொடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. கூடவே ஒரு தாள். பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் தினமும் மனநிலைக்கு ஒரு எண் எழுத வேண்டும். பூஜ்யம் என்றால் படுக்கையை விட்டு எழ முடியாத நாள், பத்து என்றால் குடை வாங்கின நாள்.

முதல் மாதம் அக்கா நாலு, ஆறு, மூன்று என்று எழுதினாள். ஒருநாள் ஏழு என்று எழுதினாள். நான் அடுத்த நிமிடமே டாக்டருக்குப் போன் போட்டேன். அதற்கப்புறம் ஐந்து. மறுநாளும் ஐந்து. அப்புறம் எல்லா நாளும் ஐந்து. மாதத்துக்கு ஒரு தாளாக ஆறு வருடம் ஐந்து. அந்தத் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் வைத்திருந்தேன். பரீட்சையில் நானே நூற்றுக்கு நூறு வாங்கின மாதிரி ஒரு பெருமை எனக்கு.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன், கதைக்குத் தேவை. நான் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் செக்கர். பின்னால் வெள்ளை விளக்குத் திரை, முன்னால் ஓடுகிற பெல்ட், அதில் வரிசையாகப் போகிற பாட்டில்கள். கீறல், குமிழி, கோணல் கழுத்து, எது இருந்தாலும் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிப்பார்கள். அடித்ததும் எழுந்து ஆக வேண்டும், பத்து நிமிடம் வெளியே போய்த் தூரத்தில் எதையாவது பார்த்துவிட்டு வர வேண்டும். ஏனென்றால் இருபது நிமிடத்துக்கு மேல் பார்த்தால் கண் பொய் சொல்லும். நல்ல பாட்டிலில் கீறல் தெரியும், கீறல் உள்ளது கண்ணுக்கு முன்னாலேயே தப்பிப் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த விஷயத்தை அக்காவிடம் ஆச்சரியமாகச் சொல்லியிருக்கிறேன்.

தொழிற்சாலையில் மணி அடித்தது. வீட்டில் யாரும் அடிக்கவில்லை.

பாட்டு கேட்டது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை அக்கா ஆறு மணிக்கு வர வேண்டியவள் ஏழே முக்காலுக்கு வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. தூங்கவில்லை, சந்தேகமே இல்லை என்று முடிவுகட்டினேன். வந்ததும் வராததுமாக எட்டுத் துண்டு ரொட்டி சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே பட்டறையில் ஒரு பெண் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்ட கதையைச் சொன்னாள். வேகமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பேச்சை அளக்க முயன்றேன். அதில் கதையைக் கோட்டைவிட்டேன்.

"சிரிக்க மாட்டியாடி? நல்ல இடத்துல நிறுத்தியிருக்கேன்" என்றாள்.

வியாழக்கிழமை விடிகிற நேரத்துக்கே எழுந்து மொட்டைமாடியில் கையை முன்னும் பின்னும் சுழற்றிக்கொண்டிருந்தாள். படியில் நின்று பார்த்தேன். காற்றில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள், முகத்தில் சிரிப்பு. அன்று சாயங்காலம் அவள் பையில் கடை உறை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது, உள்ளே பளீரென்று சிவப்பாக ஏதோ. ஒன்றில் தொடங்கித்தானே பதினோரு குடை வந்தது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் அவள் அறைக்குள் எட்டிப்பார்க்கத் தோன்றியது. வெள்ளிக்கிழமை பெல்ட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது கண்முன்னே பாட்டில்கள் போகவில்லை, அறுபது லேயர் துணிதான் போயிற்று. யார் கையிலோ ஏழு தையல். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் திறக்காமல் பஸ் ஏறினேன். டாக்டருக்குப் போன் பண்ணிப் பார்த்துவிட்டேன். அவர் புதன்கிழமை வரைக்கும் ஊரில் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அக்காவிடமே கேட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா இப்போது வேலை பார்ப்பது வேறு பட்டறை. நாலு வருடமாக அங்கே இருக்கிறாள். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. அவளை முழு ஆளாக மட்டுமே தெரிந்த ஒரே இடம் அதுதான்.

முதலாளியம்மாவின் அறைக்குக் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அப்பால் நீள மேஜைகள். அக்கா இடது கையில் இரும்பு வலைக் கையுறை போட்டுக்கொண்டு கத்தியை நகர்த்திக்கொண்டிருந்தாள், முதுகு எங்கள் பக்கம். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் ஏதோ சொன்னார்கள். அக்கா கத்தியை அணைத்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அணைத்துவிட்டுத்தான் சிரித்தாள். அதை நான் பார்த்தேன், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"மேடம், ஒரு வாரத்துக்கு அக்கா கையில மெஷினக் குடுக்காதீங்க" என்றேன்.

"ஏன், கையில அடியா?"

"இல்ல மேடம். கொஞ்சம் உடம்பு சரியில்ல."

"நல்லாத்தானே சிரிச்சிட்டிருக்காங்க?"

"அதான் மேடம்."

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்கப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குடை, கவுன், தையல், ஆஸ்பத்திரி, மாத்திரையின் பெயர் முதற்கொண்டு. சொல்லச் சொல்ல முதலாளியம்மாவின் முகம் மாறிக்கொண்டே போனது. எனக்கோ வாயை மூடத் தெரியவில்லை.

"நாலு வருஷமா இத மறைச்சா வேலை பாத்தாங்க?"

"மறைக்கல மேடம். யாரும் கேக்கல."

"நான் இதையா போய்க் கேப்பேன்?" என்றார். கோபமில்லை, பயம்தான். கண்ணாடிக்கு அப்பால் அக்காவின் கையில் இருந்த கத்தியை அவர் பார்த்தார். நான் ஆறு வருடமாகப் பார்க்கிற அதே பார்வை. இன்னொருவர் முகத்தில் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. எழுந்து வந்துவிட்டேன்.

அன்று அக்கா சரியாக ஆறு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள், கை கழுவினாள், எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"முதலாளியம்மா கூப்பிட்டாங்க" என்றாள். "மெஷின வச்சிட்டு பண்டல் கட்டுற மேஜைக்குப் போகச் சொன்னாங்க. உடம்பப் பாத்துக்கோங்கன்னாங்க. ரொம்ப மெதுவாப் பேசினாங்க, சின்னப் பிள்ளைகிட்டப் பேசுற மாதிரி."

நான் எழுந்து அவளுக்குத் தண்ணீர் எடுத்துவந்து வைத்தேன். அவள் தொடவில்லை.

"நீ எப்ப போன?"

"மத்தியானம்."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

இந்த அக்காக்களைத்தான் என்ன செய்வது? கழுத்தை நெரிக்க வேண்டிய நேரத்தில் சாப்பிட்டாயா என்கிறாள். அவள் எழுந்து போய்ப் பையை எடுத்துவந்து மேஜையில் கவிழ்த்தாள். ஈரத்துண்டு விழுந்தது. சிவப்பு ரப்பர் தொப்பி விழுந்தது. நீச்சல் கண்ணாடி, ஒரு சீப்பு, தண்ணீர் பாட்டில், மாதக் கட்டண அட்டை. அட்டையில் அவள் போட்டோ, அதில்கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீந்தக் கத்துக்கிறேன். ஏழு வாரமா. வேலை முடிஞ்சு வாரத்துல ரெண்டு நாள், அரைமணி நேரம். நீ ஷிஃப்ட் முடிஞ்சு லேட்டா வர்ற நாளாப் பாத்துப் போயிட்டிருந்தேன். இந்த வாரம்தான் ஆசை தாங்காம ஒரு நாள் கூடப் போனேன். தண்ணில மருந்து போட்டிருப்பாங்க, கண்ணு செவக்கும். அதுக்குத்தான் நேத்து இந்தக் கண்ணாடி வாங்கினேன், தொப்பியும்."

"மாத்திரை சாப்பிட்டுட்டு நீந்தலாமாக்கா?"

"பாத்தியா? முதல் கேள்வியே அதான்" என்றாள். "டாக்டர்கிட்ட நானே கேட்டுட்டேன். தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னாங்க, ஆழமான பக்கம் தனியாப் போகவேண்டாம்னாங்க. அவ்வளவுதான்."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"ஏழு வாரமா தண்ணிக்குள்ள கல்லு மாதிரி முங்கிட்டே இருந்தேன். ஓரத்துக் கம்பிய விடவே பயம். திங்கட்கிழமை விட்டேன். மிதந்தேன்டி. காதுக்குள்ள தண்ணி, மேல கூரை, என் வெயிட்டே எனக்குத் தெரியல. பஸ்ஸுல சிரிச்சிட்டே வந்தேன். வீட்டு வாசல்ல வந்து சிரிப்ப நிறுத்திட்டு உள்ள வந்தேன். காலையில எந்திரிச்சா நிறுத்த முடியல, பாட்டா வந்துடுச்சு."

பேசி முடித்து ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தாள். நான் அழுதேன். என்னைச் சமாதானப்படுத்த அவள் வரவில்லை. வராதது நியாயம்தான்.

புதன்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். வழக்கப்படி முந்தின ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்திருந்தாள். அளவு சரியாக இருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. நடந்ததை நானே சொன்னேன். ஃபைலையும் நீட்டினேன், அதையாவது மெச்சுவார் என்று ஒரு நப்பாசை.

ஒவ்வொரு தடவையும் அந்த மாதத் தாளை மட்டும்தான் அவருக்குக் காட்டுவோம். ஆறு வருடத்தையும் சேர்த்து அவர் பார்ப்பது இதுதான் முதல்முறை. பத்துப் பதினைந்து தாளைப் புரட்டிவிட்டு நிறுத்தினார்.

"என்னம்மா இது? முதல் மாசத்துக்கு அப்புறம் ஒருநாள்கூட ஆறு இல்ல, நாலு இல்ல?" என்று அக்காவைக் கேட்டார். "இத நான் முன்னாடியே கவனிச்சிருக்கணும். என் தப்பும் இருக்கு. இதுல எது நிஜம்?"

"சில நாள் நிஜமாவே அஞ்சுதான் டாக்டர்."

"மத்த நாள்?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை, மேஜையின் விளிம்பைக் கட்டைவிரலால் அளந்துகொண்டிருந்தாள். "மேல போன நாளெல்லாம் ஒண்ணும் பெருசா இல்ல டாக்டர். ஆறு, ஏழு. போன மழைக்காலத்துலதான் ரெண்டு மாசம் ரொம்பக் கஷ்டமா இருந்தது. ரெண்டு. சில நாள் ஒண்ணு."

"வேலைக்குப் போனீங்களா?"

"போனேன். ஒரு துணிய நாலஞ்சு தடவ அளப்பேன். அளந்ததுல நம்பிக்கை வராது. பஸ்ல ஏறினா எறங்கவேண்டாம்னு தோணும்."

அந்த இரண்டு மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீடு அமைதியாக இருந்தது. பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை, கடை உறை இல்லை. ஆறு வருடத்தில் நான் நிம்மதியாகத் தூங்கின மாதங்கள் அவை.

"சொல்லியிருந்தா மருந்தளவ மாத்தியிருக்கலாமே" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு மாசம் அப்படிக் கஷ்டப்பட்டிருக்கவே வேண்டாமே."

"ஏன்க்கா எழுதல?" என்றேன்.

"ரெண்டுனு எழுதினா ஆஸ்பத்திரி. ஏழுனு எழுதினாலும் ஆஸ்பத்திரி" என்றாள் அக்கா. "அஞ்சுனு எழுதினா நீயாவது தூங்குற." பிறகு, "இருபது நிமிஷத்துக்கு மேல பாத்தா கண்ணு பொய் சொல்லும்னு நீதானேடி சொன்ன?" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அவளுக்கு அது வருடக்கணக்காக நினைவில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உங்க அக்காவ அஞ்சுல கட்டிவைக்கிறதுக்கு இல்லம்மா இந்த மாத்திரை. மூணுலேர்ந்து எட்டு வரைக்கும் எல்லாரும்தான் போயிட்டு வர்றோம், நானும்தான். இந்த மருந்து, திரும்பி வர வழி தெரியாத இடத்துக்கு அவங்க போயிடாம இருக்கறதுக்கு. சந்தோஷம் வந்தா தூங்கி எந்திரிச்சு வேலைக்குப் போவாங்க, கத்திய அணைச்சிட்டுச் சிரிப்பாங்க. வியாதி வந்தா அணைக்கத் தோணாது. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தரல. அது எங்க குறை."

பிறகு ஒரு வெள்ளைத்தாளை அக்காவிடம் நீட்டினார். எதெல்லாம் வந்தால் தங்கை போன் பண்ணலாம் என்று அவளையே எழுதச் சொன்னார். அக்கா யோசித்து யோசித்து எழுதினாள். மூன்று நாள் சேர்ந்தாற்போல ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால். மாத்திரை வேண்டாம் என்று சொன்னால். ஒரு பொருளை இரண்டுக்கு மேல் வாங்கினால். அளக்காமல் எதையாவது வெட்டினால், ரொட்டியாக இருந்தாலும். ஒரே துணியை மூன்று தடவைக்கு மேல் அளந்தால். கடைசியில் எழுதியது, ஆறு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த எனக்குத் தெரியாது. பாட்டு அந்தத் தாளில் இல்லை. சிரிப்பும் இல்லை.

பட்டறை விஷயம் அவ்வளவு லேசில் தீரவில்லை. டாக்டரம்மா கடிதம் கொடுத்தார். நானும் போய் முதலாளியம்மாவின் காலில் விழாத குறையாகப் பேசினேன். பதினெட்டு நாள் கழித்து அக்காவிடம் மெஷினைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று அவள் ஏதாவது சொல்வாள் என்று சாயங்காலம் முழுக்க அவள் பின்னாலேயே சுற்றினேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் நல்லாப் பேசினாங்களாக்கா?"

"பேசினாங்க."

"மில்லிமீட்டர்னு கூப்பிட்டாங்களா?"

"இல்ல. அக்கானு கூப்பிடுறாங்க. நான் சிரிச்சா ஒருத்திய ஒருத்தி பாத்துக்கிறாங்க" என்றாள். மடித்த துணியை நேராக்கினாள். "அதனால சிரிக்கிறதில்ல. இப்ப அங்கயும் நான் அஞ்சுதான்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மொட்டைமாடிக்குப் போனேன், இறங்கினேன், மறுபடியும் போனேன். செய்ததைத் திரும்ப எடுக்க, கோணல் பாட்டில் போடுகிற தொட்டி மாதிரி ஒன்று இருந்தால் அதற்குள் குதித்தே தேடியிருப்பேன். மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்றாள். விட்டுவிட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். "பாக்காதடி" என்றாள்.

அடுத்த வாரம் நானே கேட்டு அவளோடு நீச்சல் குளத்துக்குப் போனேன். ஓரத்து பெஞ்சில் உட்காரச் சொன்னாள். அவள் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆழமில்லாத பக்கத்தில் இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் என் கை பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பி எதிர்ச் சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்தேன். தொழிற்சாலையில் மணி அடித்த பிறகு தூரத்தில் பார்ப்பதுபோல் பத்து நிமிடம் அதையே பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான பத்து நிமிடம் அதுதான். தண்ணீர்ச் சத்தம் கேட்டது, யாரோ விசில் ஊதினார்கள், என் உயிர் போய் வந்தது. திரும்பவில்லை. பத்து நிமிடம் முடிந்து திரும்பியபோது அக்கா கையையும் காலையும் விரித்துத் தண்ணீரின் மேல் கிடந்தாள். கண்ணை மூடியிருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது, பாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஃப்ரிட்ஜ் கதவில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தேதிக்கு நேராக எட்டு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கை தானாகப் போன் இருக்கும் பக்கம் போனது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். தூங்கினாளா? ஏழு மணி நேரம். மாத்திரை? போட்டாள். ரொட்டி? எல்லாத் துண்டும் ஒரே கனம்.

அப்போதுதான் கவனித்தேன். எட்டுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து இன்னொரு கட்டம் போட்டிருந்தாள். அதன் தலையில் என் பெயர். கட்டம் காலியாக இருந்தது. அக்கா பென்சிலை நீட்டினாள்.

"எனக்கு எதுக்குக்கா?"

"எழுதுடி. நேரமாச்சு."

பென்சிலை வாங்கி ஐந்து என்று எழுதினேன். யோசிக்கக்கூட இல்லை, கை எழுதிவிட்டது. அக்கா அதை எட்டிப் பார்த்தாள். ஆறு வருடம் ஐந்து எழுதினவளிடம் போய் ஐந்தைக் காட்டினேன்.

"பொய்" என்றாள்.

ஐந்தை அடித்தேன். பென்சில் கொஞ்ச நேரம் தாளின் மேலேயே நின்றது. பிறகு இரண்டு என்று எழுதினேன். அக்கா யாருக்கும் போன் பண்ணவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு, டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"எத்தனை நாளாடி?" என்றாள்.

நான் சொல்ல ஆரம்பித்தேன்.